படைவீரர் வீட்டுப் பிள்ளைகளின் படிப்பும் டிஸ்சார்ஜ் புத்தகமும்

நேயர்களுக்கு வணக்கம். முன்னாள் படைவீரர்களின் குடும்பங்களுக்குக் கிடைக்கும் கல்வி உதவிகளைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். நானும் படையிலிருந்து வந்தவன். ஓய்வுக்குப் பிறகு எங்கள் வட்டாரத்துக் குடும்பங்களுக்கு இந்த விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பதையே பணியாக வைத்துக்கொண்டிருப்பவன்.

முதலில் ஒரு குடும்பக் கணக்கைப் பார்ப்போம். 2022இல் அக்னிபத் என்ற நான்காண்டுப் பணித் திட்டம் வருவதற்கு முன், பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்த ஒரு சிப்பாய், பதினைந்து முதல் பதினேழு ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, நாற்பதை எட்டுவதற்கு முன்பே ஊர் திரும்பிவிடுகிறார். அன்றிலிருந்து அவருடைய வருமானம், கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதிதான். அப்போது மூத்த பிள்ளை ஐந்தாம் வகுப்பிலோ ஆறாம் வகுப்பிலோ இருக்கும். அடுத்த பத்து ஆண்டுகளில் படிப்புச் செலவு ஏறிக்கொண்டேதான் போகும். மற்ற அரசு ஊழியர் வீட்டில் வருமானம் உயரும் காலத்தில், சிப்பாய் வீட்டில் அது பாதியாகிவிடுகிறது. கல்வி உதவிகளை இந்தக் கணக்கோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

இப்போது உதவிகளுக்கு வருகிறேன். போரிலும் படை நடவடிக்கைகளிலும் உயிர் நீத்தவர்கள், காணாமற்போனவர்கள், உடலுறுப்பு இழந்தவர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்குப் பள்ளி முதல் பட்டப்படிப்பு வரை கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டம், 1971ஆம் ஆண்டுப் போரை அடுத்து வந்தது. 2017இல் கல்வி, விடுதிக் கட்டணங்களுக்கு மாதம் 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். குடும்பங்களும் முப்படைகளும் முறையிட்ட பிறகு, 2018 மார்ச்சில் அந்த வரம்பை நீக்கினார்கள். நீக்கியது சரியான செயல் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. தந்தையைக் கொடுத்த பிள்ளையின் படிப்புக்கு உச்சவரம்பு வைப்பது எந்த வகையிலும் நியாயமாகாது.

இரண்டாவது, முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய வாரியமான கேந்திரிய சைனிக் போர்டு வழங்கும் பிரதமரின் கல்வி உதவித்தொகை. பொறியியல், மருத்துவம், செவிலியம், பி.எட்., எம்.பி.ஏ. போன்ற தொழிற்கல்விகளுக்கு உரியது இது. மாணவிகளுக்கு மாதம் 3,000 ரூபாயும் மாணவர்களுக்கு 2,500 ரூபாயும் கிடைக்கும். ஆண்டுதோறும் நாடு முழுவதும் 5,500 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர்களில் பாதிப் பேர் பெண்கள். அந்தப் படிப்பில் சேர அடிப்படையான தேர்வில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு போன்ற முந்தைய படிப்பின் தேர்வில், 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். படிப்பில் சேர்ந்த முதலாம் ஆண்டிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும் என்பதை மட்டும் தயவுசெய்து நினைவில் கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டில் போய்க் கேட்டால் கிடைக்காது.

மூன்றாவது, ஹவில்தார் நிலை வரையிலும், கடற்படை, வான்படையில் அதற்கு இணையான நிலை வரையிலும் ஓய்வு பெற்றவர்களின் இரண்டு பிள்ளைகளுக்கு, முதல் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை தரப்படும் கல்வி மானியம். மாதம் 1,000 ரூபாயாக இருந்த இந்த மானியம், 2025 நவம்பர் முதல் நாளிலிருந்து வரும் விண்ணப்பங்களுக்கு 2,000 ரூபாயாகியிருக்கிறது. இந்தப் பணம் படைவீரர்களுக்காகத் திரட்டப்படும் கொடிநாள் நிதியிலிருந்து வருகிறது. டிசம்பர் 7ஆம் தேதி பள்ளிக்கூடத்தில் காசு கொடுத்துவிட்டுச் சட்டையில் குண்டூசியால் ஒரு சின்னக் கொடியைக் குத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தோமே, அந்தக் காசு இப்படித்தான் ஒரு சிப்பாயின் பிள்ளைக்குப் புத்தகமாகிறது.

இத்தனை உதவிகள் இருந்தும் அவை ஏன் கிடைக்காமல் போகின்றன என்பதற்கு, நான் கண்ட ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன்.

வேலூர்ப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த ஓர் அம்மா, தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். கணவர் ஹவில்தாராக ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகளில் நோயில் இறந்துவிட்டார். மகள் நல்ல மதிப்பெண் பெற்று பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்திருந்தாள். ஓய்வின்போது படை தருகிற, பணி விவரமும் குடும்ப விவரமும் அடங்கிய டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தால், அதில் இருந்த மகளின் பெயர் வேறு, பள்ளிச் சான்றிதழில் இருந்த பெயர் வேறு. பிறந்த தேதியும் சில மாதங்கள் தள்ளியிருந்தது. விசாரித்தபோதுதான் விவரம் தெரிந்தது. குழந்தை பிறந்த செய்தி கிடைத்தபோது தந்தை வடக்கே எல்லையில் இருந்தார். தம் மனத்தில் வைத்திருந்த பெயரை யூனிட்டில், அதாவது தம் படைப்பிரிவில், சொல்லி எழுத வைத்துவிட்டார். ஊரில் தாத்தா, தம் தாயாரின் பெயரைத் தொட்டிலில் போட்டு வைத்துவிட்டார். பள்ளியில் சேர்த்தவர்கள், வயது நிரம்பியிருக்க வேண்டுமே என்று ஒரு தேதியைச் சொல்லிவிட்டார்கள். மூவருமே அன்பினால் செய்ததுதான். ஆனால் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, அந்தப் பெண் ஆவணப்படி தன் தந்தைக்கு மகள் இல்லை என்று ஆகிவிட்டது.

பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், நீதித்துறை நடுவர் முன் எடுத்த பிரமாணப் பத்திரம் எல்லாவற்றையும் சேர்த்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக, படைவீரர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் படையின் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பினோம். அங்கிருந்து பார்ட் டூ ஆர்டர், அதாவது குடும்ப விவரங்களைப் பதியும் ஆணை, திருத்தப்பட்டு வருவதற்குள் முதலாம் ஆண்டு முடிந்துவிட்டது. மாதம் 3,000 ரூபாய் வீதம் நான்கு ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் 1,44,000 ரூபாய். தேர்வாகியிருப்பாள் என்று உறுதி கூற இயலாது; ஆனால் கேட்பதற்கான வாய்ப்பே போய்விட்டது. பிறகு கல்வி மானியத்துக்கு விண்ணப்பித்து, அப்போதைய 1,000 ரூபாயைப் பெற்றுக் கொடுத்தோம். அந்தப் பெண் படிப்பை முடித்துவிட்டாள். ஆனால் இடையில் அந்த அம்மா வட்டிக்கு வாங்கிய கடனை எந்தத் திட்டமும் அடைக்கவில்லை.

ஆகவே மீண்டும் சொல்கிறேன். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து, மனைவியின் பெயர், ஒவ்வொரு பிள்ளையின் பெயர், பிறந்த தேதி ஆகியவற்றை ஆதாரோடும் பள்ளிச் சான்றிதழோடும் ஒத்துப் பாருங்கள். நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் ஓரிடத்தில் முன்னாலும் ஓரிடத்தில் பின்னாலும், மற்றோரிடத்தில் தந்தையின் முழுப் பெயராகவும் நிற்கும், அதையும் பாருங்கள். இப்போது பணியில் இருக்கும் தம்பிகள் யாரேனும் கேட்டுக்கொண்டிருந்தால், யூனிட்டில் இருக்கும்போதே இதைச் சரிசெய்துகொள்ளுங்கள். அங்கே எழுத்தர் மேசைக்கு நடந்து போய் முடிக்கக்கூடிய வேலை, வெளியே வந்தபின் மாதக் கணக்கில் இழுக்கும்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற மத்திய ஆயுதக் காவல் படைகளில் பணியாற்றியவர்களின் குடும்பங்களும் சைனிக் போர்டு இணையதளத்தில் விண்ணப்பிக்க முயன்று ஏமாற்றம் அடைகின்றன. அவர்களுக்கும் பிரதமரின் கல்வி உதவித்தொகை உண்டு. ஆனால் அது உள்துறை அமைச்சகத்தின் வழியாக வருவது. அவரவர் படையின் அலுவலகத்தை அணுக வேண்டும்.

நேரம் முடியப் போகிறது என்று நிலையத்தார் கை காட்டுகிறார்கள். படைவீரரின் சொந்தப் படிப்பைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். மெட்ரிக், அதாவது பத்தாம் வகுப்பு, முடித்துப் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றியவருக்குத் தரப்படும் பட்டப்படிப்புக்கு இணையான சான்றிதழ், மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கு உதவும். குறிப்பிட்ட தொழில்நுட்பத் தகுதி கேட்கும் பணிகளுக்கு அது போதாது. கணவரை இழந்த சகோதரிகள் இரண்டாண்டு முதுகலைப் படிப்பைத் தொடர்ந்தால், அவர்களுக்கும் நான் முன்பு சொன்ன கல்வி மானியம் உண்டு. தமிழ்நாட்டில் பொறியியல், மருத்துவக் கலந்தாய்வுகளில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அமராவதிநகர் சைனிக் பள்ளியிலும் இருக்கிறது. கலந்தாய்வுக்குரிய சான்றிதழை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி இயக்குநரிடம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் புத்தகத்தின் மூலப் பிரதி கையில் இருக்கட்டும். வணக்கம்.