செங்கல் சுவருக்குள் ஸ்பீக்கர் பதிக்கலாமா?

சரி, அடுத்த கேள்வி. திருச்சி பக்கத்தில் புது வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, ஹாலில் 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு பேஸ் பெட்டி) வைக்கப் போகிறோம். ஸ்பீக்கர் எல்லாம் சுவருக்குள்ளேயே இருக்க வேண்டும். சுவர் 9 இன்ச் செங்கல், இன்னும் பூசவில்லை. செங்கலை வெட்டி வைத்துவிடலாம் என்று எலெக்ட்ரீஷியன் சொல்கிறார். செய்யலாமா?"

பூசுவதற்கு முன்னால் கேட்டீர்களே தம்பி, அதுவே பெரிய நிம்மதி. பெயின்ட் அடித்து முடித்த பிறகு கேட்பவர்கள்தான் அதிகம்.

ஆனால் செங்கலை வெட்டாதீர்கள். இந்த வகை ஸ்பீக்கர் அமெரிக்க வீட்டுச் சுவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. அங்கே பெரும்பாலான வீடுகளில் சுவர் என்றால் மரச்சட்டம். 16 இன்ச்சுக்கு ஒரு சட்டம், உள்ளே மூன்றரை இன்ச் ஆழத்துக்கு வெற்றிடம், முகப்பில் அரை இன்ச் ஜிப்சம் போர்டு. ஸ்பீக்கரின் ஓரத்தில் காது மாதிரி பிடிகள் இருக்கும். ஸ்க்ரூவைத் திருகினால் அவை விரிந்து போர்டைப் பின்னாலிருந்து கவ்விக்கொள்ளும். செங்கலில் அது எதைக் கவ்வும்? சிமென்ட் வைத்து ஒட்டிவிட்டால் நாளைக்கு ரிப்பேருக்குக் கழற்றக்கூட முடியாது.

அதைவிட முக்கியம் காற்று. இந்த ஸ்பீக்கர்களில் பலவற்றுக்குப் பின்னால் பெட்டியே கிடையாது. சுவருக்குள் இருக்கும் காலி இடம்தான் பெட்டி. 8 அடி உயரச் சுவரில் இரண்டு சட்டத்துக்கு நடுவே இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 80 லிட்டர் வரும். நீங்கள் செங்கலில் 10 இன்ச் அகலம், 14 இன்ச் உயரம், 4 இன்ச் ஆழத்துக்குக் குழி எடுத்தால் கிடைப்பது வெறும் 9 லிட்டர். ஸ்பீக்கரின் முன்னால் அதிரும் கூம்பு, அதாவது கோன், பின்னால் போகும்போது அந்தக் காற்று அதை எதிர்த்துத் தள்ளும். அடி பேஸ் போய்விடும், அதற்குக் கொஞ்சம் மேலே இருக்கிற சத்தம் மட்டும் வீங்கிக் கேட்கும். இப்படி வெட்டி வைத்த ஒரு வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். படத்தில் ஆண்கள் பேசினால் குடத்துக்குள் வாயை வைத்துப் பேசுகிற மாதிரி இருந்தது. அவ்வளவு நல்ல ஸ்பீக்கரை அப்படிக் கேட்க எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

அப்படியென்றால் என்ன செய்யலாம்? டிவி வரும் சுவருக்கு முன்னால் ஒரு பொய்ச்சுவர் எழுப்புங்கள். ஆசாரியை வைத்து மரச்சட்டம் அடித்து மேலே 18 மில்லிமீட்டர் பிளைவுட் போடலாம், இல்லையென்றால் ஜி.ஐ. இரும்புச் சேனல் அடித்து ஜிப்சம் போர்டு போடலாம். உள்ளே 4 முதல் 5 இன்ச் ஆழம் கிடைத்தால் போதும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பெரிய தனி அறை மாதிரி நான்கு பக்கமும் அடைத்து, உள்ளே ராக்வூலை (பஞ்சு மாதிரி இருக்கும் கல் நார்) தளர்வாக நிரப்புங்கள். ஸ்க்ரூவை நெருக்கமாக அடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பேஸ் வரும்போது போர்டும் சேர்ந்து பாடும். அந்தப் பிடி எவ்வளவு தடிமன் போர்டைக் கவ்வும் என்பது ஸ்பீக்கரோடு வரும் புத்தகத்தில் இருக்கும். பிளைவுட் வாங்குவதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

பேஸ் பெட்டியான சப்வூஃபரைச் சுவருக்குள் கொண்டுபோக வேண்டாம், தரையிலேயே இருக்கட்டும். உங்களுக்குப் பின்னால் வரும் இரண்டு சரவுண்ட் ஸ்பீக்கருக்கும் சுவருக்குள் வயரை மட்டும் கொண்டுபோய், சின்னப் பெட்டி ஸ்பீக்கரை மாட்டிக்கொள்ளுங்கள். அந்த இரண்டுக்காக இன்னொரு பொய்ச்சுவர் தேவையில்லை என்பது என் கருத்து.

சுவருக்குள் போன ஸ்பீக்கரை அப்புறம் நகர்த்தவும் முடியாது, உங்கள் பக்கம் திருப்பவும் முடியாது. அதனால் முதலில் சோபா எங்கே என்று முடிவு செய்யுங்கள். உட்கார்ந்தால் காது தரையிலிருந்து மூன்று, மூன்றரை அடியில் இருக்கும். ஸ்பீக்கரில் கீச்சுச் சத்தத்தைத் தரும் சின்னப் பகுதியான ட்வீட்டர் அந்த உயரத்துக்கு வர வேண்டும். 10 அடி தள்ளி உட்காருவீர்கள் என்றால் இடது, வலது ஸ்பீக்கருக்கு நடுவே 8 முதல் 11 அடி வரை விடலாம்.

அப்புறம், இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை வயர். பூச்சு வேலைக்கு முன்னால் ஸ்பீக்கருக்கென்று தனியாக 1 இன்ச் பிவிசி பைப் போடச் சொல்லுங்கள். கரன்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் இழுக்க விடாதீர்கள். அது ஆபத்து, இரைச்சலும் வரும். இரண்டு பைப்புக்கும் ஒரு அடி இடைவெளி இருக்கட்டும். ஒன்றை ஒன்று கடந்தே ஆக வேண்டிய இடத்தில் நேர்க் குறுக்காகக் கடக்கட்டும். பைப்புக்காகச் சுவரை வெட்டும்போது மேலிருந்து கீழாக வெட்டலாம். குறுக்கே நீளமாக வெட்டினால் சுவர் பலம் குறையும். பில்லரையும், கதவு ஜன்னலுக்கு மேலே இருக்கும் லிண்டலையும் தொடவே கூடாது.

வயர் எவ்வளவு தடிமன்? ஆம்ப்ளிஃபையரிலிருந்து 15 மீட்டர் தூரம் என்றால் போக வர 30 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் அதற்கு 0.4 ஓம் தடை வரும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 5 சதவீதம், அதற்கு மேல் போகக்கூடாது. 2.5 போட்டால் 0.24 ஓம்தான். விலை வித்தியாசம் பெரிதில்லை, 2.5 போட்டுவிடுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயரும் கடையில் வரும். கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்காதீர்கள். சுவருக்குள் போன பிறகு அதை மாற்றுவது பெரிய பாடு.

ஸ்பீக்கரை வயரில் இணைத்துவிட்டு, பலகையில் மாட்டும் முன் அந்த வயரின் மறுமுனையில், ஆம்ப்ளிஃபையரில் இணைக்காமல், 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸ் வயரின் பிளஸில் பட்டால் கோன் வெளியே வரும். உள்ளே போனால் வயர் மாறியிருக்கிறது. ஒன்று மட்டும் மாறியிருந்தாலும் இரண்டு ஸ்பீக்கரின் பேஸும் ஒன்றை ஒன்று அழித்துவிடும்.

பூசுவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு சுவரிலும் டேப்பைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்து வையுங்கள் தம்பி. எந்த ஸ்பீக்கர் என்று முடிவானதும் மாடல் பெயரைக் கீழே எழுதுங்கள், அதற்கு எவ்வளவு ஆழம் வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.