பெருங்கொம்பு ஆட்டின் நுரையீரலில் நடக்கும் போர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். வட அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதிகளில், செங்குத்தான பாறைச் சரிவுகளில் துள்ளித் திரியும் பிக்ஹார்ன் என்னும் பெருங்கொம்புச் செம்மறியாட்டைக் கூட்டம் கூட்டமாகக் கொல்வது நிமோனியா. 1995-96 குளிர்காலத்தில் ஹெல்ஸ் கேன்யன் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 300 ஆடுகள் அதற்குப் பலியாயின. அந்தச் சாவின் காரணத்தை அவற்றின் நுரையீரலிலுள்ள நோய் எதிர்ப்புச் செல்களிலிருந்தே தொடங்கி விளக்க விரும்புகிறேன்.

மயக்க மருந்து கொடுத்த ஆட்டின் நுரையீரலுக்குள் உப்புக் கரைசலைச் செலுத்தி, அதைத் திரும்ப உறிஞ்சி நுண்ணோக்கியில் பார்த்தால், நலமான ஆட்டில் பெரும்பாலும் தென்படுபவை காற்று நுண்ணறைகளில் உலவும் மேக்ரோபேஜ் செல்களே. தூசியையும் கிருமியையும் விழுங்கிச் செரிக்கும் இவை, தம்மால் இயலாதபோது இரத்தத்திலிருந்து நியூட்ரோபில்கள் என்னும் வெள்ளை அணுக்களை வரவழைக்கின்றன.

மான்ஹீமியா ஹீமோலிட்டிகா என்ற பாக்டீரியா சுரக்கும் நச்சு, இந்தச் செல்களின் மேற்பரப்பிலுள்ள சிடி18 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் புரதம் உருவாகும்போது அதன் முனையிலுள்ள சிறு துண்டு மற்ற பாலூட்டிகளில் வெட்டி நீக்கப்பட்டுவிட, அசைபோடும் விலங்குகளில் அது அப்படியே தங்கிவிடுகிறது; நச்சுக்குப் பிடி கிடைப்பது அந்த இடத்தில்தான். பிடிபட்ட செல் வெடிக்கும்போது, கிருமியைச் சிதைப்பதற்காக அது வைத்திருந்த நொதிகள் நுரையீரல் திசுவையே அரிக்கின்றன. வீட்டுச் செம்மறிக்கும் இதே குறை உண்டு. ஆயினும், ஒரே அளவு நச்சுக்கு பிக்ஹார்னின் நியூட்ரோபில்களே அதிகம் மடிகின்றன.

இதற்கு முன்னோடியாக மைக்கோபிளாஸ்மா ஓவிநிமோனியே என்ற நுண்ணுயிர், மூச்சுக்குழாயின் குறுஇழைகளில் ஒட்டிக்கொண்டு, சளியோடு கிருமியை மேலே தள்ளும் அவற்றின் வேலையைக் கெடுத்துவிடுகிறது. வீட்டு ஆடுகள் இவ்விரு கிருமிகளையும் பெரிய தொல்லையின்றிச் சுமந்து திரிகின்றன. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பச்சையாக ஒளிரும்படி மாற்றிய மான்ஹீமியாவை வீட்டு ஆடுகளுக்குக் கொடுத்து, அவற்றோடு பழகவிட்ட பிக்ஹார்ன்கள் அதே பாக்டீரியாவைப் பெற்று இறந்ததை 2010இல் வெளியிட்டார்கள். மேய்ச்சல்காரர்களுக்கு இது கசப்பான செய்திதான். ஆனாலும், காட்டு ஆடுகள் நடமாடும் சரிவுகளில் வீட்டு மந்தையை விடக்கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

கொள்ளைநோய் ஓய்ந்த பிறகும் சில தாயாடுகள் மைக்கோபிளாஸ்மாவைத் தாங்கியே வாழ்ந்து, ஆண்டுதோறும் குட்டிகளுக்குத் தொற்றவைக்கின்றன. தெற்கு டகோட்டாவின் கஸ்டர் மாநிலப் பூங்காவில் அத்தகைய ஆடுகளைச் சோதித்துக் கண்டுபிடித்து மந்தையிலிருந்து அகற்றியபோது, அங்கே நிமோனியா நின்று, குட்டிகள் மீண்டும் பிழைக்கத் தொடங்கின.