60 தடவை பார்த்தாங்க... ஆனாலும் அந்தக் குழந்தையைக் காப்பாத்த முடியல! ஏன்? | பேராசிரியர் எய்லீன் மன்ரோவின் ஆராய்ச்சி

[கறுப்புத் திரை. எண் மட்டும்: 60]

17 மாசக் குழந்தை. பேரு பீட்டர். லண்டன்ல ஹேரிங்கேனு ஒரு பகுதி. 2007 ஆகஸ்ட் 3-ஆம் தேதி அந்தக் குழந்தை இறந்துபோச்சு. உடம்புல ஐம்பதுக்கும் மேல காயம்.

அது யாரும் எட்டிப் பார்க்காத வீடுன்னு நினைச்சுடாதீங்க. கடைசி எட்டு மாசத்துல டாக்டர், நர்ஸ், போலீஸ், சோஷியல் ஒர்க்கர்னு எல்லாருமா சேர்ந்து 60 தடவை அந்தக் குழந்தையைப் பார்த்திருக்காங்க. அங்க சோஷியல் ஒர்க்கர்னா, குழந்தைங்க வீட்டுல பத்திரமா இருக்காங்களான்னு போய்ப் பார்க்கிற உள்ளாட்சி ஊழியர். ஆபத்துல இருக்கிற குழந்தைகளோட பட்டியல்லயும் பீட்டர் பேரு இருந்துச்சு.

அப்புறம் எப்படித் தவறிப்போச்சு?

இந்தக் கேள்வியை, பீட்டர் பிறக்கறதுக்குப் பல வருஷம் முன்னாடியே கையில எடுத்தவங்க எய்லீன் மன்ரோ. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்ல பேராசிரியரா இருந்தவங்க. அதுக்கு முன்னாடி அவங்களே சோஷியல் ஒர்க்கரா களத்துல வேலை பார்த்தவங்க. அவங்க கண்டுபிடிச்சது குழந்தைப் பாதுகாப்புக்கு மட்டும் இல்ல, மனுஷங்களைப் பத்தி முடிவெடுக்கிற எல்லாருக்குமே பொருந்தும்னு நான் நம்பறேன். வாங்க, பார்க்கலாம்.

[சேனல் இசை, 3 விநாடி]

பின்னணியைச் சட்டுனு சொல்லிடறேன். 1973 ஜனவரி, பிரைட்டன் நகரம். மரியா கோல்வெல்னு 7 வயசுப் பொண்ணு, அம்மாவை மறுமணம் பண்ணிக்கிட்டவர் அடிச்சு இறந்துபோறா. விசாரணை வைக்கிறாங்க, அறிக்கை வருது. 2000-ல கொடுமையால இறந்தது விக்டோரியா கிளிம்பி. ஐவரி கோஸ்ட்ல பிறந்து லண்டனுக்கு வந்த 8 வயசுப் பொண்ணு. லார்டு லேமிங் விசாரிச்சு 2003-ல அறிக்கை கொடுக்கிறார், 108 பரிந்துரை. பீட்டர் இறந்தபிறகு அதே லேமிங் 2009-ல இன்னொரு அறிக்கை, 58 பரிந்துரை. விக்டோரியா விஷயத்துல பெயர் அடிபட்ட அதே ஹேரிங்கேலதான் பீட்டரும் இறந்தான்கிறதைக் கவனிங்க.

ஒரு குழந்தை இறந்தா ஒரு விசாரணை, ஒரு விசாரணைக்கு நூறு புது விதி. முப்பது வருஷமா இதேதான்.

மன்ரோ என்ன செஞ்சாங்கன்னா, 1973-ல இருந்து 1994 வரைக்கும் பிரிட்டன்ல வெளியான குழந்தைக் கொடுமை விசாரணை அறிக்கைகளை எடுத்தாங்க. மொத்தம் 45. அத்தனையையும் உட்கார்ந்து படிச்சாங்க. ஒவ்வொண்ணும் ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமையோட வரலாறு. அதை 45 தடவை படிக்கிறதுக்கு எவ்வளவு மனத்திடம் வேணும்னு யோசிச்சுப் பாருங்க. அவங்க தேடினது ‘யார் தப்பு பண்ணினது’ங்கிறதை இல்ல. ‘எந்த மாதிரித் தப்பு திரும்பத் திரும்ப வருது’ங்கிறதை.

1999-ல அந்தக் கட்டுரை வந்துச்சு. அவங்க சொன்னது என்னன்னா, இந்தத் தப்பெல்லாம் கன்னாபின்னான்னு நடக்கல. மனுஷ மூளை அவசரத்துல எப்படிக் குறுக்குவழி போடும்னு மனோதத்துவம் ஏற்கெனவே சொல்லி வெச்ச அதே தடத்துலதான் நடந்திருக்கு.

கைக்குக் கிடைச்ச தகவலை வெச்சே முடிவு பண்ணிடறது. பக்கத்து ஆபீஸ் நர்ஸுக்குத் தெரிஞ்சது இவங்க மேசைக்கு வரவே வராது. கண்ணுல பளிச்சுனு படற ஒரு சம்பவம், முதல்ல கேட்டது, கடைசியா கேட்டது, இதெல்லாம் மனசுல ஒட்டிக்கும். ரெண்டு வருஷமா ஃபைல்ல அமைதியாக் கிடக்கிற பழைய குறிப்பு ஒட்டாது.

எல்லாத்தையும் விடப் பெரிசு, போட்ட முடிவை மாத்தறதுல இருக்கிற தயக்கம். ‘இந்த அம்மா கஷ்டப்படறாங்க, ஆனா பிள்ளையை நல்லாத்தான் பார்த்துக்கிறாங்க’ன்னு ஒரு சோஷியல் ஒர்க்கர் முதல் சந்திப்புல முடிவுக்கு வந்துட்டார்னு வையுங்க. அதுக்கு ஒத்துப்போற தகவல் வந்தா அப்படியே ஏத்துக்குவார். எதிரான தகவல் வந்தா மட்டும் ‘யார் சொன்னது, எதுக்குச் சொன்னாங்க, சொந்தப் பகையா இருக்குமோ’ன்னு குடைஞ்சு கேட்பார். சந்தேகப்படற குணம் ரொம்ப நல்லதுதான், ஆனா அது ஒரே பக்கமாத் திரும்பி நிக்குது. இதைப் படிச்சப்போ நான் வீடியோ எழுதறதை நிறுத்திட்டு ரொம்ப நேரம் இதையே யோசிச்சுக்கிட்டு இருந்தேன். டாக்டர், டீச்சர், நீதிபதி, எடிட்டர், யாரு இதுக்கு விலக்கு?

[திரையில்: இரண்டாம் உலகப்போர் கால விமானத்தின் காக்பிட் படம்]

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ஒரு விமானத்துக்குள்ள போகப் போறோம். மன்ரோ தன்னோட வாதத்துக்குத் துணையாக் கூப்பிட்டது விமானத்துறைப் பாதுகாப்பு ஆராய்ச்சியை. அதுல இருந்து ஒரு கதையை நானே எடுத்துச் சொல்றேன்.

ரெண்டாம் உலகப்போர். அமெரிக்காவோட பி-17 குண்டுவீச்சு விமானம். போருக்குப் போய், குண்டடிபட்டு, எப்படியோ தப்பிச்சுத் திரும்பி வந்து பத்திரமாத் தரையிறங்கிடும். ரன்வேயில ஓடிக்கிட்டு இருக்கும்போது திடீர்னு சக்கரம் மடங்கி, வயிறு தரையில தேய்ஞ்சு கெட்டுப்போகும். ஒண்ணு ரெண்டு இல்ல, திரும்பத் திரும்ப இதே விபத்து. அறிக்கையில என்ன எழுதினாங்க? ‘பைலட்டோட தவறு.’ பைலட்டைத் திட்டு, பயிற்சி கொடு, கவனமா இருன்னு சொல்லு.

1943-ல அல்போன்ஸ் சப்பானிஸ்னு ஒரு இளம் மனோதத்துவ நிபுணரை இதைப் பார்க்கச் சொன்னாங்க. அவர் பைலட்டோட குணத்தை ஆராயல, காக்பிட்டைப் போய்ப் பார்த்தார். இறக்கையில இருக்கிற ஃபிளாப்ங்கிற அசையும் பலகையை மடக்கறதுக்கு ஒரு ஸ்விட்ச். சக்கரத்தை மடக்கறதுக்கு ஒரு ஸ்விட்ச். ரெண்டும் ஒரே மாதிரி, பக்கத்துல பக்கத்துல! பல மணி நேரம் பறந்து களைச்சுப்போன கை, ஃபிளாப்புக்குப் பதிலாச் சக்கரத்தைத் தட்டிவிட்டுடுது. சி-47ங்கிற இன்னொரு வகை விமானத்துல இந்த ரெண்டும் இப்படிப் பக்கத்துல இல்ல. அந்த பைலட்டுங்களுக்கு இந்த விபத்தும் இல்ல.

அவர் செஞ்ச தீர்வைக் கேளுங்க. சக்கரத்துக்கான ஸ்விட்ச் முனையில ஒரு குட்டி ரப்பர் சக்கரம். ஃபிளாப் ஸ்விட்ச்ல ஆப்பு வடிவத்துல ஒரு துண்டு. அவ்வளவுதான்! இருட்டுல தொட்டாலே எது எதுன்னு கைக்குத் தெரிஞ்சுடும். பிரச்சினை போச்சு. இன்னிக்கும் விமானத்துல சக்கரத்துக்கான லீவர் முனை சக்கர வடிவத்துலதான் இருக்கும். அடுத்த தடவை காக்பிட் படம் எங்கயாவது பார்த்தீங்கன்னா தேடிப் பாருங்க, எனக்கு ஒவ்வொரு தடவையும் அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமா இருக்கும்.

இதே கண்ணோடதான் மன்ரோ குழந்தைப் பாதுகாப்பு ஆபீஸைப் பார்த்தாங்க. சோஷியல் ஒர்க்கர் தப்பு பண்ணினார்னு சொல்றதோட விசாரணை முடிஞ்சுடக் கூடாது, அங்கதான் தொடங்கணும். அந்த இடத்துல நல்ல ஆள் ஒருத்தர் உட்கார்ந்தாலும் ஏன் அதே தப்பு நடக்குது? 2005-க்கு அப்புறம் அவங்க எழுத்து முழுக்க இந்தக் கேள்விதான்.

ஆனா பீட்டர் செய்தி 2008-ல வெளிய வந்தப்போ நாடு கேட்டது வேற. ஒரு பத்திரிகை, சம்பந்தப்பட்ட சோஷியல் ஒர்க்கர்களை வேலையை விட்டுத் தூக்கணும்னு கையெழுத்து இயக்கம் நடத்துச்சு. பத்து லட்சத்துக்கும் மேல கையெழுத்து. அந்தக் கோபம் எனக்குப் புரியுது. அந்தக் குழந்தையோட போட்டோவைப் பார்த்தா யாருக்குத்தான் கோபம் வராது? ஆனா அந்தக் கோபம் அடுத்த குழந்தையைக் காப்பாத்தாது.

2010 ஜூன்ல புது அரசாங்கத்தோட கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ், மொத்த அமைப்பையும் ஆராய்ஞ்சு சொல்லுங்கன்னு மன்ரோகிட்ட ஒப்படைச்சார். கிட்டத்தட்ட ஒரு வருஷம், மூணு அறிக்கை, கடைசி அறிக்கை 2011 மே.

[திரையில்: 7 → 390]

இந்த ரெண்டு எண்ணைப் பாருங்க. குழந்தைப் பாதுகாப்புக்கான அரசு வழிகாட்டி 1974-ல 7 பக்கம். 2010-ல 390 பக்கம். ஒவ்வொரு குழந்தை இறந்தபோதும் நல்ல எண்ணத்தோட சேர்த்த பக்கங்கள் அது. யாரும் கெட்டது நினைச்சு எழுதல. ஆனா மொத்தமாச் சேர்ந்து என்ன ஆச்சு? முதல் மதிப்பீட்டுக்கு 10 வேலைநாள் கெடு, விரிவான மதிப்பீட்டுக்கு 35 வேலைநாள் கெடு, எல்லாத்துக்கும் கம்ப்யூட்டர்ல படிவம். குழந்தையோட தரையில உட்கார்ந்து பேச வேண்டியவங்க ஸ்கிரீன் முன்னாடி உட்கார்ந்திருக்காங்க. கெடுவுக்குள்ள படிவம் முடிஞ்சா வேலை நல்லா நடந்ததா கணக்கு. பயந்துபோன ஒரு பிள்ளை வாயைத் திறக்கறதுக்கு எத்தனை நாள் ஆகும்னு எந்தப் படிவத்துக்குத் தெரியும்?

மன்ரோ கொடுத்தது 15 பரிந்துரை. 108-ஐயும் 58-ஐயும் ஞாபகம் வெச்சுக்கோங்க. விதிப்படி நடந்தோமான்னு மட்டும் கேட்காதீங்க, குழந்தைக்கு உதவி கிடைச்சுதான்னு கேளுங்கங்கிறதுதான் அதோட சாரம். கெடுக்களைத் தளர்த்துங்க, வழிகாட்டியைச் சுருக்குங்க, ஒவ்வொரு உள்ளாட்சியிலயும் களவேலையை விடாத மூத்த சோஷியல் ஒர்க்கர் ஒருத்தர் மேல்மட்டத்துல இருக்கணும், அரசுக்கு ஆலோசனை சொல்லத் தேசிய அளவுல ஒரு தலைமைச் சோஷியல் ஒர்க்கர் வேணும்.

நிறைய நடந்துச்சு. 2013-ல வழிகாட்டி 97 பக்கமாச் சுருங்குச்சு. ரெண்டு மதிப்பீடு ஒண்ணாச்சு, அதிகபட்சம் 45 வேலைநாள். தலைமைச் சோஷியல் ஒர்க்கர் பதவியும் வந்துச்சு.

இங்க என் கருத்தைச் சொல்லியே ஆகணும். அரசு எடுத்துக்கிட்டது சுலபமான பாதியைத்தான். பக்கத்தைக் குறைக்கக் காசு வேண்டாம். ஆனா அனுபவம் உள்ள மேலதிகாரி வாராவாரம் பக்கத்துல உட்கார்ந்து ‘நீ நினைக்கிறது தப்பா இருந்தா, என்னென்ன அறிகுறி தெரிஞ்சிருக்கும், சொல்லு’ன்னு கேட்கணும்னா நேரம் வேணும், ஆள் வேணும். அதே வருஷங்கள்லதான் உள்ளாட்சிகளுக்கான நிதியை வெட்டினாங்க. 2020-ல ஆர்தர்னு 6 வயசுப் பையனும், ஸ்டார்னு 16 மாசக் குழந்தையும் வீட்டுல நடந்த கொடுமையால இறந்தாங்க. ரெண்டு குடும்பத்திலயும் சொந்தக்காரங்க முன்கூட்டியே எச்சரிச்சிருந்தாங்க.

மன்ரோவும் அறிக்கையோட ஓயல. ஆஸ்திரேலியாவுல ஆண்ட்ரூ டர்னலும் ஸ்டீவ் எட்வர்ட்ஸும் உருவாக்கின ‘சைன்ஸ் ஆஃப் சேஃப்டி’ங்கிற முறையை இங்கிலாந்து உள்ளாட்சிகள்ல கொண்டுவர டர்னலோட சேர்ந்து உழைச்சாங்க. எதைப் பத்திக் கவலைப்படறோம், எது நல்லா இருக்கு, என்ன நடக்கணும்னு குடும்பத்தோட சேர்ந்தே எழுதற முறை அது. அப்புறம் வந்த மதிப்பீடுகள்ல எதிர்பார்த்த அளவு முன்னேற்றம் தெரியல. அதையும் நான் மறைக்க விரும்பல. ஏன்னா மன்ரோவே எழுதினது, தப்பைக் குறைக்கறதுக்கு முதல் வேலை நாம தப்பா இருக்கலாம்னு ஒத்துக்கிறதுதான்னு.

எம்.எஸ்.டபிள்யூ, அதாவது சமூகப்பணி முதுகலை படிக்கிறவங்க, ஃபீல்டு ஒர்க் போறவங்க, குழந்தை நலக் குழுக்களோட வேலை பார்க்கிறவங்க இதைப் பார்த்துக்கிட்டு இருந்தா, தயவு செஞ்சு கமெண்ட்ல எழுதுங்க: உங்க சூப்பர்வைசர் கடைசியா எப்போ உங்க முடிவை எதிர்த்துக் கேள்வி கேட்டார்? கேட்கிறதுக்கு அவருக்கு நேரம் இருந்துச்சா? இந்தியாவுல எங்க இருந்தாலும், ஒரு குழந்தைக்கு ஆபத்துன்னு தோணுச்சுன்னா 1098-க்குக் கூப்பிடுங்க, கட்டணம் கிடையாது. நம்பரைத் திரையில போட்டிருக்கேன்.

[திரையில்: 1098]