இரவில் விழிப்பதும் பகலில் கண் அயர்வதும்

நேயர்களுக்கு வணக்கம்.

நள்ளிரவு தாண்டி இரண்டு, மூன்று மணி வாக்கில் விழிப்புத் தட்டிவிடுகிறது. புரண்டு புரண்டு படுத்தாலும் தூக்கம் வருவதில்லை. மணியைப் பார்த்ததும் மனம் கணக்குப் போட ஆரம்பிக்கிறது: இப்போதே தூங்கினாலும் மூன்று மணி நேரம்தானே மிச்சம்? அந்தக் கணக்கே மிச்சத் தூக்கத்தையும் விரட்டிவிடுகிறது. தூக்கம் பற்றிய பேச்சை எடுத்தாலே பலர் சொல்லும் குறை இது. பலருக்கு இதில் நோய் என்று எதுவும் இல்லை. எட்டு மணி நேரம் ஒரே மூச்சில் தூங்கினால்தான் தூக்கம் என்ற எண்ணம்தான் அவர்களை வதைக்கிறது.

அந்த எண்ணம் அப்படியொன்றும் பழையதல்ல. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரோஜர் எக்கிர்ச், பழைய ஐரோப்பாவில் மக்கள் இரவைக் கழித்த விதத்தை ஆராய்ந்தவர். நீதிமன்ற வாக்குமூலங்கள், நாட்குறிப்புகள், மருத்துவ நூல்கள் என்று அவர் புரட்டிய ஏடுகளிலெல்லாம் 'முதல் தூக்கம்', 'இரண்டாம் தூக்கம்' என்ற பேச்சு திரும்பத் திரும்ப வந்தது. அதற்கு யாரும் விளக்கம் எழுதிவைக்கவில்லை, அன்று எல்லோருக்கும் தெரிந்த சங்கதி அது. முன்னிரவில் ஒரு தூக்கம். பிறகு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ விழிப்பு. அந்த நேரத்தில் அடுப்பைப் பார்த்தார்கள், பிரார்த்தனை செய்தார்கள், படுத்தபடியே பேசிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் விடியும்வரை மறு தூக்கம். எக்கிர்ச் 2001இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். தெருவிளக்கும் வீட்டு விளக்கும் பெருகி, ஆலைச் சங்கு விடியலை முடிவுசெய்யத் தொடங்கிய பிறகு, இரண்டு தூக்கங்களும் ஒன்றாக நெருக்கப்பட்டன என்பது அவர் வாதம்.

இதற்கு வேறொரு பக்கத்திலிருந்து சான்று வந்தது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க மனநல ஆய்வாளர் தாமஸ் வேர், சிலரை நாள்தோறும் 14 மணி நேரம் இருட்டில் இருக்கவைத்தார். முதல் சில இரவுகள் அவர்கள் அடித்துப்போட்டதுபோல் நெடுநேரம் தூங்கினார்கள். பழைய பாக்கி தீர்ந்ததும், மொத்தத் தூக்கம் எட்டு மணி நேரத்தை ஒட்டி நின்றது. நான்காம் வாரத்தில் அது இரண்டாகப் பிரிந்துவிட்டது! நடுவே அமைதியான ஒரு விழிப்பு.

ஆகவே இரண்டு தூக்கம்தான் மனித இயற்கை என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அமெரிக்கத் தூக்க ஆய்வாளர் ஜெரோம் சீகலும் அவர் குழுவினரும் தான்சானியா, நமீபியா, பொலிவியா ஆகிய நாடுகளில் மின்விளக்கில்லாமல் வாழும் மூன்று சமூகங்களை ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அங்கே இரவுத் தூக்கம் பெரும்பாலும் ஒரே வீச்சாகத்தான் இருந்தது. அளவும் சராசரியாக ஏழு மணி நேரத்துக்குள்தான். சூரியன் மறைந்து மூன்று மணி நேரத்துக்குப் பிறகே படுக்கிறார்கள். பகல் தூக்கமும் குறைவு, கோடையில் மட்டும் கொஞ்சம் கூடுகிறது. நீண்ட குளிர்கால இரவுக்கு ஒரு முறை, வெப்ப நாட்டு இரவுக்கு வேறு முறை என்று உடம்பு வளைந்துகொடுக்கிறது. நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்.

எப்படி வளைகிறது? ஸ்விட்சர்லாந்து ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் சொன்ன விளக்கம் இன்றும் அடிப்படையாக இருக்கிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் போன்ற பொருட்கள் சேரச் சேர, பசி ஏறுவதுபோல் தூக்க அழுத்தம் ஏறுகிறது. இன்னொரு பக்கம், கண்ணில் படும் ஒளியைக் கொண்டு நேரம் பார்க்கும் உடற்கடிகாரம், பகலில் நம்மை விழிப்பாக நிறுத்தப் பார்க்கிறது. படுத்த முதல் சில மணி நேரத்திலேயே ஆழ்ந்த தூக்கம் பெரும்பகுதி முடிந்து, அழுத்தமும் வடிந்துவிடும். பின்னிரவில் மிஞ்சுவது கனவுத் தூக்கமும் மெல்லிய தூக்கமும். ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று, சுற்றுகளுக்கு நடுவே சிறு விழிப்பு. எல்லோருக்கும் இது நடக்கிறது, காலையில் நினைவிருப்பதில்லை. மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் மணியைப் பார்க்காதீர்கள், பளிச்சென்று விளக்கைப் போடாதீர்கள். தூக்கம் வராமல் தவிப்பாக இருந்தால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் சற்று உட்கார்ந்திருந்துவிட்டு, கண் சொக்கும்போது போய்ப் படுங்கள்.

மதியம் கண்ணைக் கட்டுவதற்கும் இதே கணக்குதான். காலையிலிருந்து அழுத்தம் ஏறியிருக்கும், கடிகாரத்தின் விழிப்புத் தூண்டுதல் இன்னும் உச்சம் தொட்டிருக்காது. சாப்பாடு இதைக் கூட்டலாம். ஆனால் சாப்பிடாதவருக்கும் அந்த நேரத்தில் அசதி வருகிறது. மதியம் கண் அயர்பவரைச் சோம்பேறி என்று ஏசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நாசா ஆய்வாளர்கள் நெடுந்தூர விமானிகளில் ஒரு குழுவுக்கு, பறக்கும்போதே முறைவைத்து 40 நிமிட ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் தூங்கியது சராசரி 26 நிமிடம். தரையிறங்குவதற்கு முந்தைய கடைசி ஒன்றரை மணி நேரத்தில், ஓய்வில்லாத குழுவினருக்கு நொடிக்கணக்கில் மூளை அயர்ந்துபோவது அடிக்கடி பதிவானது. தூங்கி எழுந்தவர்களிடம் அது வெகுவாகக் குறைந்திருந்தது.

2021இல் பாரிஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை இன்னும் நுட்பமானது. ஒரு மறைந்த விதியைக் கண்டுபிடித்தால் சட்டென்று தீரும் கணக்குகளைக் கொடுத்து, நடுவில் 20 நிமிடம் ஓய்வு கொடுத்தார்கள். ஓய்வெடுப்பவர் கையில் ஒரு குவளை, தூக்கம் ஆழமானால் பிடி தளர்ந்து அது விழுந்து எழுப்பிவிடும். தூக்கத்தின் வாசலில் வெறும் 15 நொடியாவது இருந்தவர்களில் 83 விழுக்காட்டினர் விதியைக் கண்டுபிடித்தார்கள். விழித்தே இருந்தவர்களில் 30 விழுக்காட்டினர்தான். அடுத்த நிலைத் தூக்கத்துக்குள் போனவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை.

பகல் தூக்கம் பிற்பகல் மூன்றுக்கு முன், 20 நிமிட அளவில் இருக்கட்டும். நீண்டால் ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கி, எழும்போது தலை கிறுகிறுக்கும். இரவில் தூக்கம் வராமல் தவிப்பவர்கள் பகலில் படுக்காமல் இருப்பது நல்லது, இரவுக்குத் தேவையான அழுத்தம் பகலிலேயே செலவாகிவிடும். குறட்டை நடுவே மூச்சு நின்று நின்று வந்தால், இரவு முழுவதும் தூங்கியும் பகலெல்லாம் கண் சொருகினால், மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது வண்டியில் போய்க்கொண்டே இதைக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கண் சொருகும்போது ஜன்னலைத் திறப்பதும் வானொலியைச் சத்தமாக வைப்பதும் தூக்கத்தைத் தடுக்காது. பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டுங்கள். காபி கிடைத்தால் குடித்துவிட்டு உடனே 15, 20 நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்யத் தொடங்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். எழுந்து சில நிமிடம் நடந்து, தெளிவு வந்த பிறகு வண்டியை எடுங்கள். அப்படியும் கண் சொருகினால் அன்றைக்கு ஓட்ட வேண்டாம்.

நன்றி, வணக்கம்.