வீட்டை விட்டுப் போன சன்னல்

நண்பர்களே, வணக்கம். ஃபெனஸ்ட்ரேட்டட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி 'சன்னல் உள்ள' என்று பொருள் சொல்லும். அதை நம்பி 'ஃபெனஸ்ட்ரேட்டட் அறை வாடகைக்கு' என்று விளம்பரம் எழுதிவிடாதீர்கள், படிப்பவர் முழிப்பார்.

லத்தீனில் ஃபெனஸ்ட்ரா என்றால் சன்னல். ஜெர்மானியர் அதை ஃபென்ஸ்டர் என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலமோ, பழைய நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்' எனப்பட்டதை விண்டோ ஆக்கிக்கொண்டது. அப்புறம் லத்தீன் சொல்லுக்கு வீட்டில் என்ன வேலை? கட்டடக் கலை நூல்களில் கொஞ்சம் தங்கியது. பெரும்பாலும் மருத்துவத்துக்கும் தாவரவியலுக்கும் குடிபோனது. (1618-இல் பிராக் கோட்டைச் சன்னல் வழியே மூவரைத் தூக்கி எறிந்தார்களே, டிஃபெனஸ்ட்ரேஷன் என்ற அந்தப் பெயரும் இதே குடும்பம்தான். மூவரும் பிழைத்தது வேறு கதை.)

புதிய இடத்தில் சொல்லுக்குக் கூர்மை கூடியது. கிழிந்த துணியை யாரும் ஃபெனஸ்ட்ரேட்டட் என்பதில்லை. இயல்பாகவோ திட்டமிட்டோ அமைந்த திறப்பாக இருக்க வேண்டும். மான்ஸ்டெரா செடியின் ஓட்டை இலையைப் பார்த்தால் பூச்சி தின்றதுபோல் இருக்கும். ஆனால் இலை உருவாகும்போதே சில செல்கள் தாமாக மடிந்து அந்தத் துளைகளை விடுகின்றன. அதனால் அது ஃபெனஸ்ட்ரேட்டட் இலை. சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிக்கும் நுண்குழாய்களும் அப்படியே: அவற்றின் சுவரில் உள்ள துளைகள் நீரையும் உப்பையும் விடும், இரத்த அணுக்களை விடாது.

எனக்குப் பிடித்த உதாரணம் தொண்டைக் குழாய். மூச்சுக்குழலில் துளையிட்டுச் செருகும் டிரக்கியாஸ்டமி குழாயைச் சொல்கிறேன். சாதாரணக் குழாய் போட்டவருக்கு மூச்சு கழுத்து வழியே வெளியேறிவிடும். குரல்நாண்களுக்குக் காற்று எட்டாது, பேச்சு வராது. ஃபெனஸ்ட்ரேட்டட் குழாயில் வளைவின் மேற்புறம் சிறு துளைகள் உண்டு. கழுத்துக்கு வெளியே உள்ள குழாயின் வாயை அடைத்தால் காற்று அவற்றின் வழியே மேலே ஏறும், குரல் வரும்.

இந்தக் குழாய்க்குள் கழற்றி மாட்டக்கூடிய உள்குழாய் ஒன்றும் உண்டு. சளி உறிஞ்சும்போது மட்டும் துளையில்லாத உள்குழாயை மாற்றிப் பொருத்துவார்கள். இல்லாவிட்டால் உறிஞ்சுகுழாயின் முனை அந்தத் துளை வழியே வெளியே போய் மூச்சுக்குழல் சுவரைப் புண்ணாக்கிவிடும். எது எந்த உள்குழாய் என்று பார்க்காமல் செவிலியர் கை வைக்க மாட்டார்.