கதவு பூட்டியிருந்தால் மறுபடியும் போங்கள்

(மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் குடும்ப நிலை ஆய்வுக்காக வீடு வீடாகச் செல்லவிருக்கும் தன்னார்வலர்களிடம், கோயில் மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அம்மாமார்களுக்கும் ஐயாமார்களுக்கும், வேலை முடிந்து நேராக இங்கே வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

“அரசாங்கத்திடம்தான் கணக்கு இருக்கிறதே, நாம் எதற்கு வீடு வீடாகப் போக வேண்டும்?” என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2016-இல் மலேசியாவில் ஏழைக் குடும்பங்கள் வெறும் 0.4 விழுக்காடு என்றது அதிகாரபூர்வக் கணக்கு. அன்றைய வறுமைக் கோடு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி (ரிங்கிட்). நாலு பேர் இருக்கிற வீட்டில் தலைக்கு ஒரு நாளைக்கு எட்டு வெள்ளி. சோறு, வாடகை, பள்ளி பஸ், மருந்து எல்லாமே அதற்குள்தான். மாதம் 1,100 வெள்ளி வருகிற குடும்பம் காகிதத்தில் ஏழை இல்லை. 2019-இல் வறுமை குறித்த ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இங்கே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, இந்தக் கோடு நிஜ வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். மறு ஆண்டு கோடு 2,208 வெள்ளிக்கு உயர்ந்தது. அந்தக் கோட்டை வைத்துப் பார்த்தால் 2019-இல் ஏழைக் குடும்பங்கள் 5.6 விழுக்காடு. இவர்கள் திடீரென்று ஏழையாகிவிடவில்லை. முன்பே இருந்தார்கள், கணக்கில் மட்டும் இல்லை. நாமே போய்க் கேட்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இந்த வேலைக்கு நல்ல முன்னோடி உண்டு. இங்கிலாந்தில் யார்க் நகரம். அங்கே சாக்லேட் தொழில் நடத்திய குடும்பத்தில் பிறந்தவர் சீபோம் ரவுன்ட்ரீ. 1899-இல் அந்த ஊர்த் தொழிலாளர் வீடுகளுக்கெல்லாம் ஆள் அனுப்பி விசாரித்தார். 11,560 குடும்பங்கள், 46,754 பேர். இங்கொன்று அங்கொன்றாகப் பொறுக்கி எடுக்கவில்லை, வீடு விடாமல் பார்த்தார்கள். 1901-இல் முடிவு வெளிவந்தது: ஊர் மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் வறுமையில் இருந்தார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவர் கண்ட இன்னொன்று. ஒரு தொழிலாளி வாழ்நாளில் மூன்று முறை வறுமையில் விழுகிறான். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, தன் பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும்போது, அப்புறம் உடம்பு ஓய்ந்த பிறகு.

இந்த மூன்றாவது விழுதலை நம் தோட்டத்து ஆட்களுக்கு விளக்கவே தேவையில்லை. லயத்து வீடு, அதாவது தோட்டத்தில் கொடுத்த வரிசை வீடு, வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போனது. முப்பது நாற்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவருக்குச் சொந்தமாக ஒரு கூரை கிடையாது. ரப்பர் போய் செம்பனை வந்தபோது ஆள் தேவை குறைந்தது. பட்டணத்தை ஒட்டிய தோட்டங்கள் பல வீடமைப்புக்கு விற்கப்பட்டன. சனங்கள் தாமான் என்கிற குடியிருப்புகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் சிதறினார்கள். லயத்து வாழ்க்கை சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. ஒழுகும் கூரையும் பொதுக் குழாய்ச் சண்டையும் எனக்கும் தெரியும். ஆனால் ஒரு பாட்டி இரண்டு நாள் வெளியே வராவிட்டால் அங்கே யாராவது போய்க் கதவைத் தட்டுவார்கள். மூன்றாம் மாடியில் யார் தட்டுவது? நலம் என்று நாம் எழுதப்போகும் பக்கத்தில் இதற்கும் இடம் வேண்டும்.

கோலாலம்பூருக்குப் போன நம் பிள்ளைகள் பிழைத்துக்கொண்டார்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். யூனிசெஃப் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அங்கே 17 மலிவு விலை அடுக்குமாடிகளில் 966 குடும்பங்களை விசாரித்தார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாதவர்கள். எல்லா இனத்துப் பிள்ளைகளும் அதில் உண்டு. அவர்கள் வசிப்பது நாட்டின் தலைநகரத்தில்!

சரி, நீங்கள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு வருகிறேன். “மாத வருமானம் எவ்வளவு?” என்று எடுத்த எடுப்பில் கேட்டால், “ஏதோ ஓடுதுப்பா” என்றுதான் பதில் வரும். நம் நாட்டுப் பொருளாதார அறிஞர் ராயல் பேராசிரியர் உங்கு அசிஸ் ஒரு வீட்டில் எத்தனை சாரோங் (கைலி) இருக்கிறது என்று எண்ணி வறுமையை அளந்தார். இல்லாதவன் வீட்டை உள்ளே நின்று பார்த்தவருக்குத்தான் அந்த யோசனை வரும். நாமும் அப்படித்தான் கேட்க வேண்டும். போன மாதம் கேஸ் தோம்பு (சிலிண்டர்) முடிந்தபோது அன்றைக்கே மாற்றினீர்களா, காத்திருந்தீர்களா? மோட்டாருக்கு எண்ணெய் ஊற்றக் காசில்லாமல் வேலைக்குப் போகாத நாள் உண்டா? மளிகைக் கடைப் புத்தகத்தில் பழைய பாக்கி நிற்கிறதா? ஆலோங்கிடம், அதாவது சட்டவிரோத வட்டிக்காரனிடம், கடன் வாங்கியிருக்கிறீர்களா என்பதை முதல் சந்திப்பில் கேட்காதீர்கள். அடையாள அட்டை இல்லாத பிள்ளை வீட்டில் இருக்கிறதா என்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வேலை எல்லாவற்றுக்கும் அங்கேதான் கதவு அடைபடுகிறது.

உங்கள் புளோக்கில் நீங்களே கேட்க வேண்டாம். அடுத்த வீட்டுக்காரரிடம் கடனைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. புளோக் மாற்றிக்கொள்ளுங்கள். அம்மாக்களிடம் அம்மாக்களே பேசட்டும். படம் எடுக்கவே கூடாது. அரிசி மூட்டையைக் கையில் கொடுத்து நிற்க வைத்து எடுத்த படங்கள் வாட்சாப்பில் சுற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. பெயர் தனித்தாளில், பதில் தனித்தாளில், இரண்டுக்கும் நடுவே ஓர் எண் மட்டும். முடிவு தயாரானதும், சட்டமன்ற உறுப்பினர் கைக்குப் போவதற்கு முன்னால், பதில் சொன்ன சனங்களைக் கூப்பிட்டு இதே மண்டபத்தில் வாசித்துக் காட்ட வேண்டும். தப்பு இருந்தால் அவர்கள் திருத்தட்டும்.

கோயிலுக்கு வருகிறவர்களையும் தெரிந்தவர்களையும் மட்டும் எண்ணிவிட்டால் நம் கணக்கும் அந்த 0.4 மாதிரிதான் ஆகும். பகலில் பூட்டிக் கிடக்கும் வீடு ஆளில்லாத வீடு என்று நினைக்காதீர்கள். கணவன் மனைவி இருவரும் ஷிஃப்ட் வேலைக்குப் போயிருப்பார்கள், பிள்ளை உள்ளே தனியாக இருக்கும். ராத்திரி எட்டுக்கு மேல் போய்ப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். அப்படியும் பார்க்க முடியாவிட்டால், எந்த வீடு, எத்தனை தடவை போனோம் என்று தாளில் எழுதி என்னிடம் கொடுங்கள். அந்த வீடுகளுக்கு நானே போகிறேன்.