பள்ளிக்கூடத்து மூடு வண்டி

நேயர்களுக்கு வணக்கம். முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கென்று நம் நாட்டில் தனியார் பள்ளிக்கூடங்கள் தொடங்கிய காலத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பேச்சு வந்தாலே யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரைக்கும் அந்தப் பிள்ளை எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்பதுதான். கோஷா, அதாவது பெண்கள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் திரைக்குள்ளேயே இருக்கும் முறை, இறுகியிருந்த காலத்தில் பாடம் நடத்துவதைவிட அதுதான் பெரும்பாடு.

அலிகாரில் ஷேக் அப்துல்லாவும் அவர் மனைவி வஹீத் ஜஹான் பேகமும் 1906இல் பெண்கள் பள்ளியைத் தொடங்கியபோது பிள்ளைகள் மூடிய டோலியில்தான் வந்தார்கள். அதாவது ஆள் வைத்துத் தூக்கிவர வேண்டும், அந்தச் செலவும் பள்ளி தலையில். ஒரு டோலியில் எத்தனை பேரை ஏற்ற முடியும், சொல்லுங்கள்? 1914இல் போபால் சமஸ்தானத்தை ஆண்ட பேகம் சுல்தான் ஜஹான் அங்கே விடுதியைத் திறந்துவைத்தார். வஹீத் ஜஹான் பேகம் தாயைப் போலப் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில்தான் பெற்றவர்கள் வெளியூரிலிருந்து மகள்களை அனுப்பினார்கள். அந்த அம்மையாரைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

அப்புறம் பேகம் ரொக்கேயா. 1880இல், இன்றைய வங்காளதேசத்தின் ரங்பூர் பக்கம், ஜமீன்தார் வீட்டில் பிறந்தவர், பள்ளிக்கூடத்தில் படித்ததே இல்லை. வீடு உறங்கிய பிறகு அண்ணன் இப்ராஹிம் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்ததுதான் அவருடைய ஆங்கிலப் படிப்பு. கணவர் சகாவத் ஹுசைன் பெண்கள் பள்ளிக்கென்று 10,000 ரூபாய் ஒதுக்கிவைத்துவிட்டு 1909இல் இறந்தார். அதே ஆண்டு பீகாரின் பாகல்பூரில் கணவர் பெயரில் 5 பிள்ளைகளோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார் ரொக்கேயா. ஆனால் குடும்பத்தில் சொத்துத் தகராறு வந்து ஊரைவிட்டே கிளம்ப வேண்டியதாயிற்று. 1911 மார்ச்சில் கல்கத்தாவின் வலியுல்லா சந்தில் 8 பிள்ளைகளோடு மறுபடி முதலிலிருந்து. வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் கேட்டார். கோஷாவுக்குக் குறைவு வராது என்று வாக்குக் கொடுத்தார், தானும் புர்கா அணிந்தே பள்ளியை நடத்தினார். வங்காள மொழிக்காக வாதாடியவர், ஆனாலும் நகரத்து மேட்டுக்குடி வீடுகளில் உருதுதான் பேச்சு என்பதால் பள்ளியை உருதுவில் நடத்தினார். எதை விட்டுக்கொடுத்தால் ஒரு பிள்ளையாவது உள்ளே வருவாள் என்று பார்த்துப் பார்த்து நடந்தவர் அவர்.

அந்தப் பள்ளிக்கு ஒரு பேருந்து வந்த கதையை அவரே எழுதியிருக்கிறார். காற்று வர இடமில்லாதபடி அடைத்துக் கட்டிய வண்டி அது, மேலே கொஞ்சம் சல்லடைக் கம்பி, அவ்வளவுதான். உள்ளே கும்மிருட்டு. பிள்ளைகள் பயந்து அழுதார்கள், சிலர் வாந்தி எடுத்தார்கள், சிலர் மயங்கியே விழுந்தார்கள். சரி என்று அடைப்பை எடுத்துவிட்டுத் துணித்திரை போட்டார்கள். அப்போதும் பிள்ளைகள் மயங்கினார்கள் என்று பெற்றவர்கள் கோபப்பட்டார்கள். இன்னொரு பக்கம், காற்றில் திரை அசைகிறது, கோஷா போய்விட்டது, உடனே சரிசெய்யாவிட்டால் உருதுப் பத்திரிகைகளில் எழுதுவோம் என்று மிரட்டிக் கடிதங்கள் வந்தன.

அடைத்தால் பிள்ளை மயங்குகிறாள், திறந்தால் கடிதம் வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே நின்றுதான் அந்தப் பெண்மணி தினமும் வண்டியை அனுப்பினார், வகுப்பை நடத்தினார். 1932 டிசம்பரில் அவர் இறந்தபோது அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்திருந்தது. இன்று கொல்கத்தாவில் லார்ட் சின்ஹா சாலையில் அரசுப் பள்ளியாக, அவர் கணவர் பெயரிலேயே நடக்கிறது.